க்னீகா

லித்துவேனிய மொழியில் ‘க்னீகா’ என்றால் புத்தகம். இது பால்டிக் வேரில் முளைத்த சொல் அன்று. அண்டையில் வாழ்ந்த கிழக்கு ஸ்லாவியரிடமிருந்து பெற்ற கடன்சொல். ரஷ்ய மொழியில் இன்றும் ‘க்னிகா’ புத்தகத்தையே குறிக்கிறது. இடைக்கால லித்துவேனிய அரசின் ஆவணங்கள் பெரும்பாலும் ஸ்லாவிய எழுத்துமொழியிலும் லத்தீனிலும் எழுதப்பட்டன. லித்துவேனியம் மக்களின் பேச்சுமொழியாக இருந்தது. எழுத்து வந்த வழியிலேயே அதற்குரிய சொல்லும் வந்து சேர்ந்தது.

உறவுமொழியான லாத்வியம் புத்தகத்துக்கு வேறொரு ஸ்லாவியச் சொல்லை ஏற்றது: ‘கிராமத்தா’. பழைய ரஷ்யத்தில் கடிதம், ஆவணம் எனப் பொருள்பட்ட ‘கிராமொதா’ அதன் மூலம். அதற்கும் மூலம் கிரேக்கம்.

லித்துவேனியத்தின் முதல் அச்சு நூல், மார்டினாஸ் மஜ்வீதாஸின் மறைக்கல்வி நூல், 1547இல் கோனிக்ஸ்பெர்க்கில் வெளிவந்தது. ‘க்னீகா’ தன் முழு வலிமையைப் பெற்றதோ பின்னாளில்தான். தன் ஆட்சிக்கு எதிராக லித்துவேனியாவிலும் எழுந்த 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய ரஷ்யப் பேரரசு, லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்களை அச்சிடத் தடை விதித்தது. தடை 1904 வரை நீடித்தது. பிரஷ்யாவில் அச்சான பிரார்த்தனை நூல்களையும் அரிச்சுவடிகளையும் இதழ்களையும் எல்லை தாண்டிச் சுமந்து வந்தவர்களை மக்கள் ‘க்னீக்னெஷெய்’, அதாவது புத்தகம் சுமப்போர், என்றனர். பிடிபட்டவர்கள் சிறைக்கோ சைபீரியாவுக்கோ அனுப்பப்பட்டனர். ஸ்லாவியரிடம் வாங்கிய சொல்லே ரஷ்யமயமாக்கலை எதிர்த்தவர்களின் பெயராயிற்று. மொழித்தொடர்பின் வரலாற்றில் இதனினும் செறிவான சான்று அரிது. அவர்களுள் புகழ்பெற்ற யுர்கிஸ் பியெலினிஸ் பிறந்த மார்ச் 16, லித்துவேனியாவில் புத்தகம் சுமப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.