ஓடாமல் நின்றவர்கள்

1992 ஜூன் 20ஆம் தேதி தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் நடந்ததைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் ஒரு கணக்கின் முன்னால் மட்டும் நாம் அவ்வளவாக நின்றதில்லை. அன்று அந்த மலையடிவார ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்கள் 133 பேர். பெண்கள் 90, குழந்தைகள் 28, ஆண்கள் 15. சந்தனக் கட்டை கடத்தியவர்களைப் பிடிக்கப் போனோம் என்றது அரசாங்கம். அப்படியானால் கட்டை வெட்டியவர்கள், சுமந்தவர்கள், விற்றவர்கள் எல்லாரும் பெண்களும் பிள்ளைகளும்தானா? 15 ஆண்களுக்கு 90 பெண்கள் என்கிற இந்தக் கணக்கு எப்படி வந்தது?

சேரியில் பிறந்தவர்களுக்கு விடை தெரியும். போலீஸ் வேன் சத்தம் கேட்டா ஆம்பளைங்க ஓடணும், பொம்பளைங்க நிக்கணும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் தெருவுக்குள் ஒரு ராத்திரி போலீஸ் வந்தது. அம்மா அப்பாவைக் கொல்லைப்பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "நீ போய்யா. பொம்பளைங்கள என்னா பண்ணிடுவானுவ." என்னா பண்ணினானுவ? கதவை உதைத்தானுவ. அடுப்பிலிருந்த சோத்துப் பானையைக் கவிழ்த்தானுவ. அம்மாவின் முடியைச் சுருட்டிப் பிடித்து "எங்கடி உன் புருசன்" என்று கேட்டு அடித்தானுவ. அப்பா வரும்வரை அம்மாவை விடமாட்டோம் என்றார்கள். விடிவதற்குள் அப்பா தானாக வந்து நின்றார். அவர்கள் எதிர்பார்த்ததும் அதுதான்.

அம்மா சொன்ன அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். பெண்ணை அடிப்பது ஆணுக்கு அழகல்ல, பெண்மேல் கை வைக்க ஒருத்தன் கூசுவான் என்பது ஊர்த்தெருவின் விதி. அதுவும் ஊர்த்தெருப் பெண்களுக்கான விதி. (அந்த வீடுகளுக்குள் நடக்கும் அடி உதை வேறு கதை.) நாம் அந்த விதியை நமக்கும் பொருந்தும் என்று நம்பிக்கொண்டு எடுத்து வந்துவிட்டோம். போலீஸ்காரனிடமோ வேறு ஒரு விதி இருக்கிறது. ஓடுகிற ஆண் குற்றவாளி. நிற்கிற பெண் பணயம்.

வாச்சாத்தியில் ஆண்களில் பெரும்பாலோர் மலையேறிவிட்டார்கள். பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் ஊரில் இருந்தார்கள். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று வந்தவர்கள் 269 பேர். ஊரையே ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை, அவர்களில் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பெண்ணும் உண்டு, ஏரிப்பக்கம் கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள். அன்று ராத்திரி பெண்களை அரூர் வனச்சரக அலுவலகத்தில் வைத்திருந்தார்கள், அப்புறம் சேலம் சிறை. தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், ஆடு கோழியைத் தின்றார்கள்.

அடுத்த வருடம், 1993 மார்ச்சில், அப்போதைய தென்னாற்காடு மாவட்டக் கம்மாபுரம் போலீஸ் ஒரு திருட்டு வழக்கில் குறவர் இனத்து ஒருவரைத் தேடிப் போனது. அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவியையும் பிள்ளைகளையும் உறவினரையும் ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார்கள். அப்புறம் அவரையும் பிடித்தார்கள், காவலிலேயே அடித்துக் கொன்றார்கள். 2021இல் 'ஜெய் பீம்' படம் வந்த பிறகு இதைப் பலரும் கேள்விப்பட்டார்கள். படம் பார்த்தவர்கள் ஆணின் சாவைப் பற்றி அழுதார்கள், சரிதான். அதற்கு முன்னால் நடந்ததை, அதாவது புருசனுக்குப் பதிலாகப் பொண்டாட்டியைப் பிடிக்கிற அந்தப் பழக்கத்தை, சாதாரண போலீஸ் வேலையாகவே நாமும் எடுத்துக்கொள்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? பெண்ணுக்குச் சலுகை தருகிற பிரிவுகள் அதில் நிறைய உண்டு. விசாரணைக்குப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதனையிட வேண்டும். சூரியன் மறைந்த பின் கைது செய்யக் கூடாது என்பது 2005 திருத்தத்தில் சேர்ந்தது. மிகவும் அவசியம் என்றால் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். 2025 பிப்ரவரியில் மதுரை உயர்நீதிமன்ற அமர்வு இது கட்டாய விதியல்ல, வழிகாட்டும் விதிதான் என்றது. மீறினால் அதிகாரி காரணம் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தது.

இந்தப் பிரிவுகளை எழுதியவரின் மனக்கண்ணில் இருந்த பெண் யார்? தாழ்ப்பாள் உள்ள வீட்டுக்குள் இருக்கிறவள். ஸ்டேஷன் படியேறினால் மானம் போய்விடும் என்று அஞ்சுகிற குடும்பத்துக்காரி. அந்தி சாயும் நேரத்தில் விறகுக்கட்டோடு காட்டிலிருந்து இறங்குகிறவள், நாற்று நட்டுவிட்டுக் கூலிக்காக ஆண்டை வாசலில் காத்து நிற்கிறவள் அந்த மனக்கண்ணில் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு பெண்ணின் மீதான தாக்குதலை 'மானபங்கம்' என்றுதான் பார்த்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும், 74ஆம் பிரிவில், அதே பார்வைதான். நம் பத்திரிகைகள் ரொம்ப காலம் 'கற்பழிப்பு' என்று எழுதிக்கொண்டிருந்தன. அழிந்தது பெண்ணின் கற்பு என்று சொல்லிவிட்டால், கற்பு உண்டா இல்லையா என்கிற கேள்வி தானாகப் பின்னால் வரும்.

அந்தக் கேள்வி வந்த வழக்கு மதுரா வழக்கு. 1972 மார்ச், மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். ஒரு பழங்குடிச் சிறுமியை ஸ்டேஷனுக்குள்ளேயே போலீஸ்காரர் ஒருவர் வல்லுறவு செய்தார் என்றும் இன்னொருவர் சீண்டினார் என்றும் வழக்கு. செஷன்ஸ் நீதிமன்றம் அவள் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவள் என்று சொல்லி இருவரையும் விடுவித்தது. நாகபுரி அமர்வு தண்டித்தது. 1978இல் உச்சநீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடம்பில் காயமில்லை, அதனால் எதிர்க்கவில்லை என்பது அதன் வாதம். பூட்டிய ஸ்டேஷனுக்குள், யூனிபார்ம் போட்டவனிடம், ஒரு கூலிக்காரச் சிறுமி எப்படி எதிர்த்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் நினைத்தார்கள்? நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருந்தியது: காவலில் நடக்கும் வல்லுறவு தனிக் குற்றமானது, சம்மதமில்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதையே அனுமானிக்க வேண்டும் என்றானது. பெண்ணின் 'நடத்தை'யைக் கிளறிச் சாட்சியை உடைக்க இடம்தந்த சாட்சியச் சட்ட உட்பிரிவு போக 2003 வரை ஆயிற்று.

இன்னொன்று. சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது எந்த வருடம்? 1992. அதே வருடம், அதே ஆட்சி, முதலமைச்சரும் பெண். மகளிர் நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரதட்சணை, குடும்பச் சண்டை என்று வருகிறவர்களுக்கு அது ஒரு வாசல். பெண்ணுக்கு வரும் ஆபத்து வீட்டுக்குள்ளிருந்து, புருசனிடமிருந்து, மாமியாரிடமிருந்து வரும் என்பது அதன் அடிப்படை அனுமானம். ஆபத்தே காக்கிச் சட்டை போட்டு வந்தால் எந்த நிலையத்துக்குப் போவது? வாச்சாத்திப் பெண்கள் எந்த நிலையத்திலும் நீதி பெறவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கிய பிறகு, 1995இல்தான் சிபிஐ விசாரணை வந்தது.

நம் இயக்கங்களையும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஊர்வலத்தில் பெண்களை முன்வரிசையில் நிறுத்தினால் லத்தி வராது என்று எத்தனை கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்! 1999 ஜூலை 23ஆம் தேதி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. செத்தவர்கள் 17 பேர். அதில் இரண்டு பெண்கள், ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று. பெண்கள் அங்கே யாருக்கும் கேடயமாக வரவில்லை. கொழுந்து பறிக்கிற கை அவர்களுடையது, கேட்ட கூலியும் அவர்களுடையது. லத்தி இதையெல்லாம் பார்க்கவில்லை. பெண் என்றால் விட்டுவிடுவான் என்கிற நம்பிக்கையை வைத்து நாம் எந்த ஊர்வலத்தையும் திட்டமிடக் கூடாது. பெண்களை முன்னால் நிறுத்துவதா என்று ஆண்கள் மட்டும் கூடி முடிவெடுப்பதும் கூடாது.

வாச்சாத்திக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது, 17 பேர் வல்லுறவுக் குற்றவாளிகள். 2023இல், அதே செப்டம்பர் 29, சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தரச் சொன்னது, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னது. அன்றைய மாவட்ட ஆட்சியர், போலீஸ் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இத்தனைக்கும் அடிப்படை அந்தப் பெண்களின் சாட்சியம். உன் நடத்தை என்ன, ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை என்று துருவுகிற குறுக்கு விசாரணைக் கூண்டில் அவர்கள் வருடக்கணக்காக ஏறி நின்று, இவன்தான் என்று கை நீட்டிக் காட்டினார்கள்.