ஒரே திரையில் பல கைகள்

1980களின் நடுவில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஒரு கூட்ட அறை தயாரானது. கோலாப் என்று பெயர் வைத்தார்கள். கரும்பலகை இருக்க வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பெரிய திரை. உட்காரும் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கணினி. அந்த அறைக்கென்றே எழுதிய மென்பொருள்களில் ஒன்று காக்னோட்டர். ஒரு கட்டுரைக்கோ உரைக்கோ நாலைந்து பேர் சேர்ந்து யோசனைகளைக் கொட்டி, வகைபிரித்து, வரிசைப்படுத்த அது உதவ வேண்டும்.

உருவாக்கியவர்கள் தாங்களே பயன்படுத்திப் பார்த்தபோது அவர்களுக்குப் பிடித்திருந்தது. வெளியிலிருந்து குழுக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் நன்றாகப் பழகியவர்கள், கணினி தெரிந்தவர்கள். இருந்தும் வேலை ஓடவில்லை. ஒருவர் தன் தனிச் சாளரத்தில் எழுதிக்கொண்டிருப்பது மற்றவர்களுக்குத் தெரியாது; எழுதி முடித்த பிறகே அது பொதுவில் வந்து விழும். யார் போட்டது என்ற அடையாளமும் இருக்காது. ஒவ்வொருவர் திரையிலும் சாளரங்கள் வெவ்வேறு இடத்தில் கிடந்ததால், "இதைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் எதை என்று அடுத்தவர் தேட வேண்டியிருந்தது.

டெபோரா டாடார், கிரெக் ஃபாஸ்டர், டேனியல் போப்ரோ மூவரும் அந்த அமர்வுகளை நுணுக்கமாக ஆராய்ந்து 1991இல் எழுதினார்கள். பேச்சு என்பது பார்சல் அனுப்புவது போல, ஒருவர் கட்டி அனுப்ப மற்றவர் வாங்கிப் பிரிப்பது என்ற எண்ணத்தில் காக்னோட்டர் கட்டப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் கண்ட மூல காரணம். உண்மையில் நாம் பேசுவது அப்படி இல்லை. பாதி வாக்கியத்திலேயே எதிராளி முகத்தைப் பார்க்கிறோம், அவர் தலையசைப்பைக் கண்டு மீதியை மாற்றிக்கொள்கிறோம். தங்கள் ஆய்வகத்தில் உருவான பொருளின் குறையை இவ்வளவு வெளிப்படையாகவும் பொறுமையாகவும் பிரித்து வைத்த அந்தக் கட்டுரைக்கு இந்தக் கதையில் தனி மரியாதை உண்டு.

அப்போது மென்பொருளைச் சோதிக்கும் கலையே வளர்ந்துகொண்டிருந்த காலம். யாகோப் நீல்சனும் ரோல்ஃப் மோலிச்சும் 1990இல் செலவு குறைந்த ஒரு வழியை முன்வைத்தார்கள். பயனர்களைத் திரட்ட வேண்டாம். நல்ல வடிவமைப்புக்கான சில விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முதல் ஐந்து நிபுணர்கள் தனித்தனியாக மென்பொருளைப் பார்வையிட்டுக் குறைகளைக் குறித்தால் பெரும்பாலான பிழைகள் சிக்கிவிடும். அருமையான முறை, இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது ஒரு திரை, ஒரு மனிதர் என்றே கணக்குப் போட்டது. காக்னோட்டரில் எழுதுவதும் நகர்த்துவதும் அழிப்பதும் தனி ஆளுக்குச் சரியாகவே நடந்திருக்கும். கோளாறு இரண்டு பேருக்கு நடுவில் இருந்தது. அதைப் பார்க்கும் கண் அந்த விதிகளுக்குக் கிடையாது.

இந்த இடைவெளியை அதற்கு முன்பே உரக்கச் சொன்னவர் ஜொனாதன் கிரூடின். 1988இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் நடந்த மாநாட்டில், கூட்டுப் பணிக்கான மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று அவர் ஒரு கட்டுரை வாசித்தார். தானாகக் கூட்டத்துக்கு நேரம் குறித்துத் தரும் நாள்காட்டி அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று. கூட்டம் போடும் மேலாளருக்கு அது வரம். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் கீழே இருக்கும் அத்தனை பேரும் தங்கள் நாளை விடாமல் அதில் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். உழைப்பு ஒருவருக்கு, பலன் வேறொருவருக்கு. வாங்கும் முடிவை எடுப்பவர் பெரும்பாலும் பலன் பெறும் மேலாளர் என்பதால் அவருக்கு இந்தக் குறை கண்ணில் படாது. சோதிப்பதும் கடினம். தனியாள் மென்பொருளை ஒரு மணி நேரம் அருகில் உட்கார்ந்து பார்த்தாலே பெரும்பாலும் புரிந்துவிடும். ஒரு குழு ஒரு கருவியோடு பழகும் விதம் நாட்களாக, வாரங்களாக விரியும். ஆய்வகத்தில் அந்தக் குழுவை அப்படியே கொண்டுவந்து வைக்கவும் முடியாது.

அப்படியானால் எதைத்தான் சோதிப்பது? மனிதர்கள் கணினி இல்லாமல் சேர்ந்து வேலை செய்வதைப் பார்த்தவர்களிடமிருந்து விடை வரத் தொடங்கியது. ஜான் டாங் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரைந்து யோசிக்கும் வடிவமைப்பாளர்களைக் காணொளியில் பதிந்து ஆராய்ந்தார். தாளில் நடக்கும் செயல்களில் எழுத்தும் படமும் போக, கையசைவுகள் பெரும் பங்கு வகித்தன. காட்டுவது, அளவு சொல்வது, ஒரு பொருள் எப்படி நகரும் என்று நடித்துக் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம். தாளில் தடம் பதியாத இந்த வேலையைத்தான் அன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் தவறவிட்டன.

லண்டனில் கிறிஸ்டியன் ஹீத், பால் லஃப் இருவரும் சுரங்க ரயிலின் பேக்கர்லூ தடக் கட்டுப்பாட்டு அறையில் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு இந்தக் கதை முழுவதிலும் மிகப் பிடித்த இடம் இதுதான். அங்கே ரயில் ஓட்டத்தைக் கவனிக்கும் ஓர் அதிகாரி, பயணிகளுக்கு அறிவிப்புச் செய்யும் ஓர் உதவியாளர். ரயில் தாமதமானதும் அதிகாரி ஓட்டுநரிடம் தொலைபேசியில் பேசுகிறார். உதவியாளர் வேறு வேலையில் மூழ்கியிருப்பது போலத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு முடிவதற்குள் அவர் கை ஒலிபெருக்கியை நோக்கிப் போயிருக்கும். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. காதில் விழுந்ததை வைத்தே நடந்துகொண்டார். அதிகாரியும் கால அட்டவணையைத் திருத்தும்போது தனக்குத்தானே பேசுவது போல வாய்விட்டுச் சொல்வார், மற்றவர் காதில் விழட்டும் என்று. இந்த இருவருக்கும் தனித்தனித் திரைகளைக் கொடுத்துத் தனித்தனி அறைகளில் வைத்தால், திரை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தக் காது போய்விடும்.

இந்த அவதானிப்புகளைச் சோதனைக் கருவியாக மாற்றிய இடம் கனடா. கால்கரி பல்கலைக்கழகத்தில் சால் கிரீன்பெர்க், அவரிடம் ஆய்வு செய்து 1997இல் முனைவர் பட்டம் பெற்று சாஸ்கட்செவான் பல்கலைக்கழகத்துக்குப் போன கார்ல் கட்வின். 1998இல் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு பேர் தங்கள் தங்கள் கணினியில் இருந்தபடி சேர்ந்து குழாய்களை இணைக்கிறார்கள். மொத்தக் களத்தையும் சிறிதாகக் காட்டும் படம் ஓரத்தில் இருக்கும். ஒரு வகையில் அந்தப் படம், கூட்டாளி ஒரு குழாயை நகர்த்தி முடித்த பிறகே மாறும். மற்றொரு வகையில் அவர் பார்க்கும் இடமும் அவர் சுட்டியும் நகரும் குழாயும் உடனுக்குடன் தெரியும். வேறுபாடு அவ்வளவுதான். இரண்டாவது வகையில் சில பணிகள் விரைவாக முடிந்தன, விளக்கிச் சொல்ல வேண்டிய பேச்சு குறைந்தது, பயனர்களும் அதையே விரும்பினார்கள்.

2000இல் அவர்கள் ஒருபடி மேலே போனார்கள். எந்தத் துறை வேலையானாலும் சேர்ந்து செய்யும்போது திரும்பத் திரும்ப வரும் சிறு செயல்களைப் பிரித்தெடுத்தார்கள்: பேசுவது, சைகை காட்டுவது, அடுத்தவரைக் கவனிப்பது, முறை வைத்துக்கொள்வது, உதவுவது, தன் வேலையை மற்றவர் தெரியாமல் கலைத்துவிடாமல் காப்பது. இவை மாறாதவை என்றால் இவற்றையே அளவுகோலாக்கலாம். கெவின் பேக்கர் இவர்களோடு சேர்ந்து 2001இல் எட்டு விதிகளை எழுதினார். நீல்சன் கற்றுத்தந்த அதே எளிய முறை. விதிகள் மட்டும் இருவருக்கு நடுவில் நடப்பதைப் பற்றியவை. ஒருவர் ஒரு பொருளைத் தொட்டால் மற்றவர் திரையில் அது தெரிகிறதா? தனியாக வேலை செய்வதற்கும் சேர்ந்து செய்வதற்கும் நடுவே தடையில்லாமல் போய்வர முடிகிறதா? கூட்டாளி இப்போது இருக்கிறாரா என்று கண்டுபிடித்துக் கூப்பிட வழி உண்டா?

அடுத்த ஆண்டு இரண்டு மென்பொருள்கள் மீது செய்த 27 மதிப்பீடுகளை வைத்து இந்த முறையையே சோதித்தார்கள். ஒரு தனி மதிப்பீட்டாளர் கண்டது மொத்தக் குறைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஒருவர் கண்டதை மற்றவரும் கண்டது குறைவு. மூன்று முதல் ஐந்து பேர் கண்டதைச் சேர்த்தால் 40 முதல் 60 சதவீதம் வந்துவிடும். குழுவுக்கான கருவியைத் தனியாள் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அதே 2002இல் டேவிட் பினெலும் கட்வினும் இன்னொரு குறையை அடைத்தார்கள். விதிகளின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு அந்தக் குழு என்ன வேலை செய்கிறது என்பது தெரியாது. எனவே உண்மையான ஒரு பணியை எடுத்து, அதை யார் யார் எந்த வழிகளில் செய்யக்கூடும் என்று கிளை கிளையாக எழுதி, ஒவ்வொரு படியிலும் மென்பொருள் துணை நிற்கிறதா என்று நடந்து பார்க்கும் முறையை அவர்கள் வகுத்தார்கள். கிளைகள்தான் முக்கியம். நான்கு பேர் சேரும் இடத்தில் வேலை ஒரே நேர்கோட்டில் நகராது.

இத்தனையும் இருந்தும் எட்டாத ஓர் இடம் உண்டு. வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி 1992இல் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தைப் பற்றி எழுதினார். அங்கே எல்லோருக்கும் நோட்ஸ் என்ற கூட்டு மென்பொருளை வேகமாகக் கொடுத்தார்கள். ஆலோசகர்கள் தங்கள் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஏதாவது ஒரு வாடிக்கையாளர் கணக்கில் எழுத வேண்டியவர்கள். புதிய கருவியைக் கற்கும் நேரத்தை எழுத அந்தக் கணக்கில் இடமில்லை. தவிர, அங்கே பதவி உயராதவர் வெளியேற வேண்டும். தனக்குத் தெரிந்ததுதான் தன்னை மற்றவரிடமிருந்து உயர்த்திக் காட்டும் என்ற நிலையில், அதைப் பொதுவில் கொண்டுபோய்ப் போடுவதற்கு யாருக்கு மனம் வரும்? இந்தத் தடைகளில் எதுவும் திரையில் இல்லை. எட்டு விதிகளோடு எத்தனை நிபுணர்கள் உட்கார்ந்தாலும் அவர்கள் கண்ணில் இவை பட்டிருக்காது. அதற்கு நேரக் கணக்கையும் பதவி உயர்வு விதியையும் எடுத்துவைத்துப் படிக்க வேண்டும். மென்பொருளைச் சோதிக்கிறவர்கள் அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கும் வழக்கம் இன்னும் அரிதாகவே இருக்கிறது.