வேலிக்கு ஏற்ற மரம்: ஜோகூர் மண் கற்பித்த பாடம்

வேலி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பயிரையும் மனையையும் காப்பது ஒன்று. மற்றொன்று சோழ நாட்டு நில அளவை. 20 மா கொண்டது ஒரு வேலி. தஞ்சைத் தரணியில் பத்து வேலிக்காரர், நூறு வேலிக்காரர் என்று நிலத்தின் பரப்பைக் கொண்டே மனிதரின் பெருமையை அளந்தார்கள். அந்நிலத்தில் உழுதும் நட்டும் அறுத்தும் களைத்த மக்களுக்கோ முதற்பொருளிலும் வேலியில்லை. இரண்டாம் பொருளிலும் வேலியில்லை. அவர்களுட் பலர் நாகப்பட்டினத் துறையில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். அவர்தம் வழிவந்தோர் இன்று ஜோகூர் மாநிலத்தில் சொந்த மனை வாங்கி, வீட்டின் பின்புறத்தே மறைப்பு வேலி அமைக்க எந்த மரம் நல்லது என்று கேட்கின்றனர். இஃது அற்பமான கேள்வியன்று. இதற்கு விடை தச்சரிடம் பாதி உண்டு. சரித்திரத்தில் பாதி உண்டு.

ஜோகூரின் சரித்திரமே மரத்தின் சரித்திரம் என்றால் மிகையாகாது. 1840-ஆம் ஆண்டுகளில் தெமெங்கோங் இப்ராகிம் ஆட்சியில் சீனக் குடியேறிகள் ஆற்றோரங்களில் காடு திருத்தி, மிளகும் காம்பீரும் பயிரிட்டனர். ஆற்றின் உரிமைப் பத்திரம் பெற்ற தலைவருக்குக் ‘காங்சூ’ என்று பெயர். தோல் பதனிடுவதற்கு உதவும் காம்பீரை அதன் இலையைக் கொதிக்க வைத்தே எடுக்க வேண்டும். ஆகவே அடுப்பு அணைவதில்லை. அடுப்புக்குக் காடு அழிந்துகொண்டே இருந்தது. மண் சலித்தது, விறகு தீர்ந்தது, தோட்டக்காரர் அடுத்த ஆற்றுக்குப் பெயர்ந்தனர். 1917-இல் இம்முறை சட்டப்படி ஒழியுமுன், நூறாண்டு நின்றிருக்கக்கூடிய எத்தனையோ மரங்கள் ஒருநாள் விறகாய்ப் போயின. மரத்தின் தரம் அறியாதவன் கையில் செங்காலும் விறகே என்பது இந்நாடு கற்ற முதற்பாடம்.

இரண்டாம் பாடம் இன்னும் சுவையானது. 1855-இல் தஞ்சோங் புத்திரி என்ற பெயரில் தோன்றி, 1866-இல் ஜோகூர் பாரு எனப் பெயர் மாறிய தலைநகரில் மகாராஜா அபு பக்கார் பல புதுமைகளைத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று ரயில்பாதை. ஜோகூர் பாருவிலிருந்து புலாய் மலையை நோக்கி 1869-இல் வேலை ஆரம்பமாயிற்று. இரும்பு விலை அதிகம். காட்டில் மரமோ ஏராளம். ஆகவே தண்டவாளத்தையே மரத்தால் செய்தனர். நிகழ்ந்தது யாது? கறையான் அரித்தது, மழை உளுக்கச் செய்தது, திட்டம் கைவிடப்பட்டது. நாற்பதாண்டு கழித்து, 1909-இல், இரும்புப் பாதை ஜோகூர் பாருவை எட்டியது. அரசனுடைய ஆணையாயினும் கறையான் அதற்குக் கட்டுப்படுவதில்லை. அரசருக்கே இந்நிலை எனில், முப்பது அடி வேலி போடும் நம்மைக் கறையான் எங்ஙனம் மதிக்கும்?

இனி மரத்தின் இயல்பைக் காண்போம். புறத்தே உறுதியுடைய தென்னை, பனை, மூங்கில் முதலியவற்றைப் புல் என்றும், அகத்தே உறுதியுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பகுத்திருக்கிறார். அவ்வுறுதிக்குக் காழ் என்று பெயர். நாம் வைரம் என்கிறோம். வைரத்தைச் சூழ்ந்த வெளிர்ந்த பாகம் வெளிறு. மரம் உயிரோடிருக்கையில் நீர் ஓடுவதும் உணவு சேர்ந்திருப்பதும் வெளிற்றில். ஆதலால் கறையானுக்கும் காளானுக்கும் விருந்து அங்கேதான். உள்ளே வைரம் பாய்ந்த பாகத்தில் பூச்சிக்குப் பகையான சத்துகள் படிந்திருக்கும். எந்த மரமாயினும் வெளிறு வெளிறே. செங்கால் மரத்தின் வெளிறும் நெடுநாள் நில்லாது. கடைக்காரன் ‘இது செங்கால்’ என்று சொன்னால் மட்டும் போதாது. பலகையின் ஓரத்தில் வெளிறு இருக்கிறதா என்று பார்ப்பவனே வாங்கத் தெரிந்தவன்.

இப்பகுப்பு ஜோகூரில் கண்கூடு. கடலோரச் சதுப்பில் வளரும் நிபோங் பனை புறக்காழ் உடையது. அதன் புறப்பட்டை உப்புநீரிலும் உழைக்குமாதலால், ஜோகூர் நீரிணையின் மீனவர் கேலோங் என்னும் மீன்வேலிக்கு அதனையே நட்டனர். செங்கால், பாலாவ், ரெசாக் ஆகியவை அகக்காழ் உடையன. இந்நாட்டு வன ஆராய்ச்சியாளர் மரக்குச்சிகளைப் பாதி மண்ணில் புதைத்து வைத்து, ஆண்டுதோறும் பிடுங்கிப் பார்த்து வகை பிரித்துள்ளனர். 10 ஆண்டுக்கு மேல் நிற்பது மிக உறுதி. 5 முதல் 10 வரை உறுதி. 2 முதல் 5 வரை நடுத்தரம். 2 ஆண்டுக்குள் அழிவது உறுதியற்றது. செங்கால் முதல் வகையைச் சேரும். நம் பாட்டன் பாட்டிமார் சீவிப் பால் எடுத்த ரப்பர் மரம் கடைசி வகையைச் சேரும்.

இங்கேதான் நம்மவரின் கதை வருகிறது. தோட்டத்து லயம் எத்தகையது என்பதை அங்கே பிறந்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட கொட்டகை, வரிசையாய் அறைகள், பல லயங்களில் நடுத்தடுப்புப் பலகை கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டு இருமல் நான்கு வீட்டுக்குக் கேட்கும். குளிப்பது பொதுக் குழாயடியில். பெண்மக்கள் இருட்டுக்குக் காத்திருந்த துயரத்தை எந்தத் தோட்டக் கணக்குப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. அந்நிலையில் சாக்கையும் தகரத்தையும் அத்தாப்பையும் மறைப்பாகக் கட்டி, அதைத் தாங்கப் பால்மரக் கிளையை ஊன்றினார்கள். மழைக்காலம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கம்பம் அடியிலே முறியும். மறுபடியும் ஊன்றினார்கள். செங்கால் அவர்களுக்கு எட்டாப் பொருள், நிலமோ தோட்டத்தாருடையது, வேலை போனால் வீடும் போகும். நிலையாத மனைக்கு நிலைக்கும் மரம் எதற்கு?

ஆனால் அவர்களைச் சுற்றி நிலைத்து நின்ற வேலியும் ஒன்று இருந்தது. 1948-இல் அவசரகாலம் பிறந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் சிதறி வாழ்ந்தோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்கம்பி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். அவ்வேலை தென்ஜோகூரிலேயே முதலில் தொடங்கிற்று. தோட்டத் தொழிலாளரும் இலட்சக்கணக்கில் ஓரிடத்தே திரட்டப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். பால்வெட்டச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர். சோற்றுப் பொட்டலத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. மானத்தைக் காக்கும் வேலிக்கு வழியற்றவர்க்கு, அவர்களை அடைத்து வைக்கும் வேலி இலவசமாகக் கிடைத்தது! உள்ளே இருப்பவன் தானே திறந்து வெளியே போகக்கூடியது வேலி; பிறர் அனுமதியின்றித் திறக்க முடியாதது பட்டி. இவ்வேற்றுமையை நாம் மறக்கலாகாது.

மூன்றாவதாகவும் ஒரு வேலி உண்டு. அதற்கு மரமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். சில தோட்டங்களில் சாதிக்கொரு லயம் ஒதுக்கினார்கள். கடல் கடந்தும் அச்சிறுமை கரைந்து போகவில்லை. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ. ராமசாமி மலாயா வந்தபோதும், அதன்பின் சீர்திருத்தச் சங்கங்கள் ஊர்தோறும் எழுந்தபோதும், தகர்க்க முற்பட்டது இவ்வேலியைத்தான். மற்ற வேலியெல்லாம் மழையில் இற்றுப் போகின்றன. இது மட்டும் மனத்தில் வைரம் பாய்ந்து நிற்கிறது. இன்று புதுமனையில் வேலி போடுவோர், அடுத்த வீட்டான் யார் என்று விசாரித்து அதற்கேற்ப உயரத்தைக் கூட்டுவாராயின், அவர் லயத்தை விட்டு வெளியேறினாரேயன்றி, லயத்தின் இழிவு அவரை விட்டு வெளியேறவில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். ரப்பர் மரம் இன்று விறகன்று. அறுத்தவுடன் போரான் உப்பேற்றி, சூளையில் உலர்த்தி, மேசை நாற்காலியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஜோகூரின் மூவார் நகரம் அத்தொழிலால் பெயர் பெற்றது. அதைக் கண்டு ‘நம் மரம்தானே’ என்று பாசத்தோடு வேலிக்கு வாங்கலாகாது. போரான் மழைநீரில் கரைந்து வெளியேறும்; வீட்டுக்குள் நெடுநாள் உழைக்கும் அம்மரம் வெளியே சில பருவங்களில் உளுத்துவிடும். பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 அங்குலமும் அதற்கு மேலும் மழை பெய்யும் மாநிலத்தில் பாசம் வேறு, பலகை வேறு.

வேலி முழுவதையும் செங்காலால் அமைக்க வேண்டுவதில்லை. அம்மரம் இன்று அரிது, விலையும் அதிகம். வேலி முதலில் விழுவது தரைமட்டத்தில். ஏனெனில் ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் அவ்விடத்தில்தான் காளான் செழிக்கிறது. ஆகவே பணத்தைக் கம்பத்தில் போடுக. கம்பம் செங்கால் அல்லது பாலாவ் வைரக்கட்டையாக இருக்கட்டும். இயலாதோர் அழுத்தத்தில் மருந்தேற்றிய கட்டையைத் தேடுக. காங்கிரீட் குட்டைத்தூணில் இரும்புப் பட்டை வைத்து, கட்டை மண்ணைத் தொடாதபடி அதில் நிறுத்துவது இன்னும் சிறந்தது. மண்ணுக்கு மேலே நிற்கும் பலகைகள் கெம்பாஸ், அடர்சிவப்பு மெரந்தி போன்றவையாயினும் மருந்தும் வண்ணமும் பூசினால் பயன்படும். பலகையின் அடியைத் தரையிலிருந்து சில அங்குலம் உயர்த்துக. கம்பத்தின் தலையைச் சரிவாக அறுத்து நீர் வழியச் செய்க. அறுத்த முனைகளுக்கே முதலில் மருந்து பூசுக, நீர் புகுவது அவ்வழியே. பலகைக்கும் பலகைக்கும் சிறிது இடைவெளி விடுக. காற்று நுழைந்தால் மரம் உலரும்.

அவ்விடைவெளியால் வேறொரு நன்மையும் உண்டு. குளிக்கும் பெண்ணுக்கும் உறங்கும் குழந்தைக்கும் மறைவு வேண்டும். ஆபத்தில் கூப்பிடும் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்கவும் வேண்டும். லயத்திலே நமக்கு மறைவு இல்லை. ஆனால் ஒருவர்க்கு நோயென்றால் வரிசை முழுவதும் விழித்துக்கொண்டது. இன்று மறைவு கிடைத்திருக்கிறது. அந்த விழிப்பை இழந்துவிட்டால் நாம் அடைந்தது முன்னேற்றமாகாது. கம்பம் வைரமாக இருக்கட்டும். பலகையில் காற்றுக்கு வழியிருக்கட்டும். வேலியில் ஒரு வாயிலும் இருக்கட்டும், அதன் தாழ்ப்பாள் நம் கையில் இருக்கட்டும். நூறு வேலி நிலத்தில் உழைத்தும் ஒரு வேலி காணாத மூதாதையர்க்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.