சுழலும் தட்டு, ஓடும் கை: ஹார்ட் டிஸ்க் வேகத்தின் கதை

மாலை நடைப்பயிற்சி நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், வீட்டுக் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது. பட்டனை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டு வந்தால்தான் திரை வருகிறது. அந்தக் காலத்தில் டிஃப்ராக் என்று ஒன்று போடுவோமே, அதைப் போட்டுப் பார்க்கலாமா?" ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் ஏன் என்று விளங்க வேண்டுமானால் எழுபது ஆண்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்கு நேரத்துக்கு என்ன குறை? சொல்லிவிடுகிறேன்.

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் 1956 செப்டம்பரில் வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சான் ஹோசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், ரே ஜான்சன் என்பவர் தலைமையில் உருவானது அது. அது அங்கமாக இருந்த கம்ப்யூட்டருக்கு 'ராமேக்' என்று பெயர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே அச்சில் நிமிடத்துக்கு 1,200 முறை சுழலும். மொத்த எடை ஏறக்குறைய ஒரு டன். இத்தனைக்கும் அதில் கொண்டது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று நாம் செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாமல் போகலாம். மாத வாடகை 3,200 டாலர்!

ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த ஒரு விஷயம் அதற்குப் பிறகு வந்த ஏறக்குறைய எல்லா ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்தது. அதுதான் கை. 50 தட்டுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கைதான். மூன்றாம் தட்டில் படித்துக்கொண்டிருக்கும்போது நாற்பதாம் தட்டில் ஏதாவது தேவைப்பட்டால், கை வெளியே வந்து, கீழே இறங்கி, மறுபடி உள்ளே போக வேண்டும். சராசரியாக 600 மில்லி விநாடி, அதாவது அரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். பிற்காலத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி முனைகள் வந்துவிட்டன. ஆனாலும் கை நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும் என்ற இரண்டு காத்திருப்பும் போகவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீட்டு மேசைக் கம்ப்யூட்டர்களில் இருந்த நல்ல டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. நமக்கு வேண்டிய இடம் முனைக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை சரியான தடத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 9 மில்லி விநாடி. ஆக மொத்தம் சுமார் 13. கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு சாதாரண பிராசசர் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளை முடித்துவிட்டு, 'சரக்கு எங்கே?' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

50 லட்சம் எழுத்துகளில் தொடங்கிய கொள்ளளவு இன்று 5 டெராபைட்டைத் தாண்டிவிட்டது. 10 லட்சம் மடங்கு வளர்ச்சி. தேடும் நேரமோ 600 மில்லி விநாடியிலிருந்து 13-க்கு வந்திருக்கிறது. ஐம்பது மடங்குகூட இல்லை. களஞ்சியம் கடலாகிவிட்டது, அள்ளும் கரண்டி மட்டும் அப்படியே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை வேகமாக்க நாம் செய்த வைத்தியங்கள் பெரும்பாலும் 'காத்திருப்பைக் குறை' என்ற ஒன்றுக்காகத்தான்.

முதல் வைத்தியத்தைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1980-இல் சீகேட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 5 மெகாபைட். 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் டிஸ்க்கோடு வந்தது. அதன் தட்டில் ஒவ்வொரு தடமும் 17 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. விமான நிலையத்தில் பெட்டிகள் பெல்ட்டில் சுற்றி வருமே, நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டிகள் வரிசையாக ஒட்டி ஒட்டி வருகின்றன. முதல் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டாவது பெட்டி கடந்து போய்விடுகிறது. அது மறுபடி சுற்றி வரும்வரை நிற்க வேண்டியதுதான். அன்றைய கம்ப்யூட்டரின் நிலையும் அதுவே. 17 துண்டையும் வரிசையாக வைத்தால் படித்து முடிக்க 17 சுற்று!

அதற்கு அவர்கள் கண்ட வழி 'இன்டர்லீவ்'. முதல் துண்டுக்கு அடுத்ததை ஒட்டி வைக்காமல் ஆறு இடம் தள்ளி வைத்தார்கள். திரும்பிப் பார்க்கும்போது அடுத்த பெட்டி சரியாகக் கைக்கு வரும். ஆறே சுற்றில் வேலை முடிந்தது. எந்த இடைவெளி எந்த இயந்திரத்துக்குப் பொருந்தும் என்று அளந்து, உள்ளே இருப்பதை அழிக்காமலே மாற்றி அமைக்க ஸ்டீவ் கிப்சன் என்பவர் எழுதிய 'ஸ்பின்ரைட்' என்ற மென்பொருள் அந்தக் காலத்தில் பெரிய பெயர் வாங்கியது. பின்னால் டிஸ்க்குக்குள்ளேயே கட்டுப்பாட்டுச் சுற்றும் சிறு நினைவகமும் வந்தன. ஒரே சுற்றில் முழுத் தடத்தையும் வாங்கிக்கொள்ள முடிந்தது. இன்டர்லீவ் விடைபெற்றது.

இரண்டாவது வைத்தியம்தான் நம் எல்லோருக்கும் தெரிந்த டிஃப்ராக். டாஸ், விண்டோஸ் 95, 98 காலத்தில் கோப்புகளை வைக்கும் முறைக்கு 'ஃபேட்' என்று பெயர். காலி இடம் எங்கே கிடைத்தாலும் கோப்பை வெட்டி வெட்டிச் செருகிவிடும். கடைசி நேரத்தில் ரயில் டிக்கெட் எடுத்த ஆறு பேர் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு எஸ் 3, அம்மாவுக்கு எஸ் 7, பிள்ளைகள் எஸ் 11. புளியோதரைப் பொட்டலம் கொடுக்க ஒருவர் பெட்டி பெட்டியாக நடந்தாக வேண்டும். அந்த நடப்பவர்தான் டிஸ்க்கின் கை. டிஃப்ராக் என்பது டிடிஆரைப் பிடித்து இடம் மாற்றி வாங்கி எல்லோரையும் ஒரே பெட்டியில் உட்கார வைப்பது.

முதலில் நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் என்ற தொகுப்பில் இதற்கு மென்பொருள் இருந்தது. 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6-இல் மைக்ரோசாஃப்ட் அதை உரிமம் பெற்றுச் சேர்த்தது. விண்டோஸ் 98 காலத்தில்தான் அது நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய 'அசெம்பிள்டு' இயந்திரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் டிஃப்ராக்கைப் போட்டுவிட்டு, திரையில் வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை டிவி சீரியல் போலப் பார்த்துக்கொண்டிருப்போம். அறுபது சதவீதம் வந்திருக்கும். பின்னணியில் ஏதாவது ஒரு நிரல் டிஸ்க்கில் எதையாவது எழுதிவைக்கும். உடனே 'டிஸ்க்கில் உள்ளவை மாறிவிட்டன' என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அது தப்பினால் கரண்ட் போகும். கரண்ட் வந்ததும் நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் முழுதாக முடிந்த நாட்களில் பலன் கண்கூடு. டிஸ்க்கின் 'கரகர' சத்தமே குறைந்துவிடும்.

மூன்றாவது வைத்தியம் ரேம். அடிக்கடி தேவைப்படுவதை ரேமிலேயே வைத்துக்கொண்டால் கை நகர வேண்டிய அவசியமே இல்லை. டாஸ் காலத்து 'ஸ்மார்ட் டிரைவ்' செய்தது அதைத்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு. ரேம் போதாவிட்டால் விண்டோஸ் உபரியை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து வைத்து எடுக்கும். மேசை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பீரோவுக்கு எழுந்து நடக்க வேண்டும் அல்லவா, அது மாதிரி. 32 மெகாபைட்டை 64 ஆக்கினால் கிடைத்த வேகம் பத்து டிஃப்ராக்கிலும் கிடைக்காது. இந்த ஆசையில் காசு பார்த்தவர்களும் உண்டு. 1995-இல் 'சாஃப்ட்ரேம் 95' என்ற மென்பொருள், ரேமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி அமெரிக்காவில் அமோகமாக விற்றது. பிரித்துப் பார்த்தவர்கள் அது சொன்னதைச் செய்யவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டது. இன்றும் 'ஒரே கிளிக்கில் கம்ப்யூட்டர் வேகம்' என்று வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

நான்காவது, கையைத் தாண்டி வெளியே இருந்த ஒரு தடை. டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு தகவலையும் பிராசசரே கைப்பட எடுத்துவைத்த முறைக்கு 'பிஐஓ' என்று பெயர். அதற்குப் பதில் தகவல் நேரே ரேமுக்குப் போகும் 'டிஎம்ஏ' முறை வந்தது. விண்டோஸ் 98-இல் அதற்கு ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும். பல வீடுகளில் யாரும் போடவே இல்லை! எக்ஸ்பி-யிலோ வேறு விசித்திரம். ஆறு முறை தகவல் பிழை வந்தால் அது தானாகவே ஒரு படி கீழே இறங்கிவிடும். அப்படியே இறங்கி இறங்கிப் பழைய பிஐஓ-வுக்கே வந்து நிற்கும். நல்ல கம்ப்யூட்டர் ஒரு நாள் காரணமே இல்லாமல் ஆமையாகிவிட்டதாகத் தோன்றும். பல நேரம் காரணம் தளர்ந்துபோன ஒரு கேபிள்தான். எண்பது கம்பி கொண்ட நல்ல கேபிளை மாற்றி, டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி துவக்கினால் பழைய வேகம் திரும்பிவிடும்.

பிறகு வைத்தியம் தானாகவே நடக்கத் தொடங்கியது. 2001-இல் எக்ஸ்பி-யோடு என்டிஎஃப்எஸ் முறை வீடுகளுக்கு வந்தது. விஸ்டாவிலிருந்து டிஃப்ராக் வாரம் ஒருமுறை, புதன்கிழமை நள்ளிரவு 1 மணிக்கு என்று விண்டோஸே வைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால், பிறகு சும்மா இருக்கும் நேரம் பார்த்துச் செய்துகொள்ளும். வண்ணக் கட்டங்களும் காணாமல் போயின.

கடைசியில் கையே போய்விட்டது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம், முதலில் கேமராக்களுக்குப் போய், பிறகு எஸ்எஸ்டி என்ற பெயரில் கம்ப்யூட்டருக்குள் வந்தது. 2008-இல் இன்டெல் வெளியிட்ட 80 ஜிபி எஸ்எஸ்டி-யின் விலை 595 டாலர். அதற்குள் தட்டு இல்லை, சுழற்சி இல்லை, கை இல்லை. எந்த இடத்தில் இருப்பதை எடுக்கவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். 13 மில்லி விநாடி இருந்த இடத்தில் 0.1 மில்லி விநாடி. ஐம்பது ஆண்டுகளில் ஐம்பது மடங்குகூடக் குறையாத காத்திருப்பு ஒரே தாவலில் நூறு மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. நடப்பவரே இல்லாத ரயிலில் குடும்பம் எந்தப் பெட்டியில் உட்கார்ந்தால் என்ன? எஸ்எஸ்டி-க்கு டிஃப்ராக் தேவையில்லை. அதோடு, ஃபிளாஷ் நினைவகத்தில் இத்தனை முறைதான் எழுத முடியும் என்று வரம்பு இருப்பதால், வீணாக இடம் மாற்றி எழுதுவது அதன் ஆயுளைக் குறைக்கவும் செய்யும். அதனால்தான் 2009-இல் வந்த விண்டோஸ் 7, எஸ்எஸ்டி-யைக் கண்டால் தானாக நடக்கும் டிஃப்ராக்கை நிறுத்திக்கொண்டது.

சரி, நடைப்பயிற்சி நண்பரின் கேள்விக்கு வருவோம். 'டிஃப்ராக் போடலாமா?' என்பதற்கு என் பதில்: முதலில் நகல் எடுங்கள்.

ஏனென்றால், பல ஆண்டு ஓடிய ஹார்ட் டிஸ்க் திடீரென்று மெதுவாவதற்குக் காரணம் பெரும்பாலும் சிதறல் அல்ல. தட்டில் சில இடங்கள் கெட்டுப்போய், கை அங்கேயே திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருக்கலாம். 'டக் டக்' என்ற சத்தம் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். எனக்குத் தெரிந்த ஒருவர், கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு மூன்று முறை டிஃப்ராக் போட்டார். மூன்றாவது முறை பாதியில் டிஸ்க் நின்றுவிட்டது. மகள் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. மூச்சு வாங்கும் மனிதரை மூட்டை தூக்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

ஆகவே முதல் வேலை, படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுப்பது. இரண்டாவது, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்திருக்கும் 'ஸ்மார்ட்' பதிவைப் பார்ப்பது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அதில் எச்சரிக்கை இருந்தால் அந்த டிஸ்க்கை வேறு எந்தச் சோதனைக்கும் உட்படுத்தாதீர்கள். நலமாக இருந்தால், கம்ப்யூட்டர் துவங்கும்போதே தாமாக எழும் நிரல்களைக் குறைக்கலாம், கொஞ்சம் காலி இடம் உண்டாக்கலாம். அதற்குமேல் வேகம் வேண்டுமென்றால், கடைக்காரரிடம் சொல்லிப் பழைய டிஸ்க்கை அப்படியே ஒரு எஸ்எஸ்டி-க்கு நகலெடுத்து மாற்றிவிடுங்கள். பல பழைய இயந்திரங்களுக்கு அதே மறுபிறவி. புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டிய செலவு மிச்சம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய ஹார்ட் டிஸ்க் போவதற்கு முன் பல நேரம் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போகும். எஸ்எஸ்டி அப்படியல்ல. நேற்றுவரை பறந்துகொண்டிருந்தது இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் போய்விடலாம். கழற்றிய பழைய டிஸ்க் நலமாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள். ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டு, மாதம் ஒரு முறை இன்னொரு நகல் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு அதன் வேகம் தாராளமாகப் போதும்.