போடி மலையடிவாரமும் துணிகர முதலீடும்

துணிகர முதலீடு என்பது, இன்னும் இலாபம் காட்டாத, சில வேளைகளில் விற்பனையே தொடங்காத ஒரு தொழிலில், அதன் பங்கை வாங்கிக்கொண்டு போடப்படும் பணம் ஆகும். தொழில் நொடித்தாலும் கடன் தீராது. கடன் கொடுத்தவர் அசலையும் வட்டியையும் கேட்டு வாசலுக்கு வருவார். பங்கு வாங்கியவரோ தொழில் செய்பவரோடு சேர்ந்து நட்டத்தை ஏற்கிறார். தொழில் செழித்தால் வட்டிக் கணக்கில் அடங்காத ஆதாயம் பெறுகிறார்.

இது கணினித் தொழிலோடு பெங்களூருக்கும் சென்னைக்கும் வந்து சேர்ந்த புதுப்பழக்கம் என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் தேனி மாவட்டத்துக்கு மேற்கே உள்ள மலைகளில் இதே கணக்கை வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே போட்டுப் பார்த்தனர். அதே மலைத்தொடரில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிப்போய் ஏலம் பயிரிட்ட குடியானவருக்கு அப்படிப்பட்ட பணம் கிடைக்கவில்லை, கடன்தான் கிடைத்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் துணிகர முதலீடு இயங்கும் விதம் எளிதில் விளங்கும்.

கண்ணன் தேவன் மலைகள்

திருவிதாங்கூர் அரசின் ஏலமலைக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, 1877 சூலை 11 அன்று பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பரப்பு 200 சதுர மைலுக்கு மேல்; ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். இவ்வளவு பெரிய காட்டில் எந்தப் பயிர் நிலைக்கும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. ஒருவர் கைப்பணத்தால் ஆகக்கூடிய வேலையாகவும் அது இல்லை. எனவே 1879-இல் வடக்குத் திருவிதாங்கூர் நில, நடவு, வேளாண்மைச் சங்கம் என்ற அமைப்பு உருவாயிற்று. உறுப்பினர்கள் நிலத்தைப் பிரித்துக்கொண்டு தனித்தனியே தோட்டம் போட்டனர்.

அவர்கள் நட்டது ஒரே பயிரை அன்று. காப்பி, சிங்கோனா, ஏலம், நார்க் கற்றாழை, தேயிலை என ஒவ்வொன்றையும் நட்டுப் பார்த்தனர். 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் தென்னிந்தியக் காப்பியையும் பிடித்தது. கொய்னா மருந்துக்கான சிங்கோனாப் பட்டை நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் ஜாவாவில் விளைத்த தரமான பட்டை சந்தையில் குவிந்ததும் விலை விழுந்தது. பார்வதி தோட்டத்தில் ஏ. எச். ஷார்ப் சிறிய அளவில் நட்ட தேயிலைதான் பின்னர் மலை முழுவதும் பரவியது. பல பயிர்களில் போட்ட பணம் வீணாக, ஒன்று மட்டும் மற்றவற்றின் நட்டத்தையும் சேர்த்து ஈடுகட்டியது.

அடுத்து வந்தது பெரும்பணம். 1890-களில் கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே மியூர் நிறுவனம் இம்மலைத் தோட்டங்களில் இறங்கியது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி அமைந்தது. சிறு தோட்டங்கள் ஒவ்வொன்றாக அதன் கைக்குப் போயின. முதலில் துணிந்தவர்கள் விற்றுவிட்டு விலகினர். பயிர் இன்னதென்று தெளிவான பிறகு வந்தவர்கள் அதைப் பெருக்கினர். துணிகர முதலீட்டில் ‘வெளியேறுதல்’ என்று சொல்லப்படுவது இதுவே. பின்னாளில் 1964-இல் டாடா-ஃபின்லே கூட்டும், 1983-இல் டாடா தேயிலை நிறுவனமும், 2005-இல் தொழிலாளர்களே பெரும்பங்கு வைத்திருக்கும் இன்றைய கம்பெனியும் வந்தன.

மலையிலேயே வாழ்ந்த முதுவர்களும், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஏறிப்போய்க் குளிரிலும் மலைக்காய்ச்சலிலும் காடு திருத்திய கூலித் தொழிலாளர்களும் தொடக்ககாலப் பங்குப் பத்திரம் எதிலும் இடம்பெறவில்லை. தொழிலாளருக்குப் பங்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்த முயற்சிக்குப் போடிநாயக்கனூர் வாசலாக இருந்தது. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902-இல் ஒற்றைத் தண்டவாளமும், 1908-இல் குறுகிய இருப்புப் பாதையும் போடப்பட்டன. டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. போடிக்கு இரயில் வந்தது 1928-இல்தான். அதற்கு முன் சரக்கு அம்மையநாயக்கனூர் வரை சாலையிலேயே போயிற்று. 1924 வெள்ளம் மலை இரயிலை அடித்துச் சென்றது. அது மீண்டும் கட்டப்படவே இல்லை.

பங்கின் கணக்கு

இன்றைய முறையும் அடிப்படையில் இதுதான். கணக்கு மட்டும் நுட்பமாகியிருக்கிறது. ஒரு புத்தொழிலின் மதிப்பு 4 கோடி ரூபாய் என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளலாம். அதில் ஒருவர் 1 கோடி போட்டால் மொத்தம் 5 கோடி. அவர் பங்கு 20 விழுக்காடு, நிறுவனருடையது 80. இரண்டாண்டு கழித்து அதே நிறுவனம் 15 கோடி என மதிப்பிடப்பட்டு, புதியவர் 5 கோடி போடுகிறார். இப்போது மொத்தம் 20 கோடி. புதியவருக்கு 25 விழுக்காடு. பழைய பங்குகள் எல்லாம் முக்காலாகச் சுருங்கும்: நிறுவனர் 60, முதல் முதலீட்டாளர் 15. பங்கு சுருங்கியதே என்று நிறுவனர் வருந்தலாம். ஆனால் 5 கோடியில் 80 விழுக்காடு 4 கோடி. 20 கோடியில் 60 விழுக்காடு 12 கோடி.

முதலில் வருவது விதைநிதி. பொருள் விற்கத் தொடங்கிய பின் வரும் சுற்றுகளை ஆங்கில எழுத்து வரிசையில் ‘சீரிஸ் ஏ’, ‘சீரிஸ் பி’ என்கின்றனர். முதலீட்டாளர் பெரும்பாலும் சாதாரணப் பங்கு வாங்குவதில்லை. பின்னர் கட்டாயம் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கை வாங்குவார். நிறுவனம் குறைந்த விலைக்கு விற்கப்பட்டால் அவர் பணம் முதலில் திரும்பும், மிஞ்சியதே நிறுவனருக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளைஞர்கள் பலரும் மதிப்பீட்டுத் தொகையைப் பார்க்கும் அளவுக்கு இந்த வரியைப் பார்ப்பதில்லை.

முதலீட்டாளர் போடுவதும் பெரும்பாலும் பிறர் பணம். ஓய்வூதிய நிதி, காப்பீட்டு நிறுவனம், செல்வக் குடும்பங்கள் ஆகியோரிடம் திரட்டி, ஏறத்தாழ பத்தாண்டுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆண்டுக்கு 2 விழுக்காடு நிருவாகக் கட்டணமும் இலாபத்தில் 20 விழுக்காடும் அவருக்கு என்பது பரவலான வழக்கம். பத்து நிறுவனங்களில் ஒவ்வொரு கோடி போட்டவர் 30 கோடியைத் திருப்பித் தர வேண்டும் என்று கொள்வோம். ஆறு முழுகிவிட்டன, மூன்று போட்டதை மட்டும் தந்தன. மீதியுள்ள ஒன்று 27 கோடி தந்தாக வேண்டும். எது அந்த ஒன்று என்பது தொடக்கத்தில் தெரியாததால், பத்தும் அப்படி வளரக்கூடியவையாக இருக்கவேண்டும் என்று அவர் பார்க்கிறார். ஆண்டுதோறும் ஒழுங்காக இலாபம் தரும் ஒரு நல்ல அரிசி ஆலையை அவர் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுவே.

இத்தொழிலை ஒழுங்கான அமைப்பாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஜார்ஜ் டோரியோ. 1946-இல் தொடங்கிய அவருடைய நிறுவனம், 1957-இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டு 70 விழுக்காடு பங்கு பெற்றது. பதினைந்து ஆண்டுக்குள் அது ஆயிரக்கணக்கான மடங்கு ஆயிற்று. இந்தியாவில் 1988-இல் அரசு முதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செபியின் விதிகள் 1996-இலும், இன்று நடைமுறையிலுள்ள மாற்று முதலீட்டு நிதி விதிகள் 2012-இலும் வந்தன.

ஏலக்காயும் முன்பணமும்

இனி அதே மலைத்தொடரின் தென்பக்கம். ஏலமலையில் பயிரிட்டவர்கள் பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்கின் தமிழர்கள். 1896 வரை ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமை. விளைந்ததை எல்லாம் அரசிடம் ஒப்படைத்துவிட்டு, விலையில் ஒரு பகுதியைக் குடியானவர் பெற்றார். தனியுரிமை நீங்கி நிலவரி முறை வந்த பிறகு காய் மலையிறங்கிப் போடிக்கு வந்தது. ஏலக்காயை ஏலம் விடும் ஊர் என்று போடி பெயர்பெற்றது அதன் தொடர்ச்சிதான். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏலக்காய் வாரியமும், 1987-இல் அதன் இடத்தில் நறுமணப் பொருள்கள் வாரியமும் அமைந்தன. 2007 முதல் ஏலம் கணினி வழி நடக்கிறது. போடியும், மலைமேல் புற்றடியும் அதன் மையங்கள்.

ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். அதுவரை கன்று, நிழல், களையெடுப்பு, மருந்து, கூலி எல்லாம் கைச்செலவு. காய்த்த பிறகும் ஒரே பருவத்தில் பல சுற்றுப் பறிப்பு உண்டு. பச்சைக்காயை ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் கூடத்தில் சூடேற்ற வேண்டும். நான்கைந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காய் ஆகும். வருமானமில்லாத தொடக்க ஆண்டுகள், பிறகு பெரும் ஆதாயம் அல்லது பெரும் நட்டம் என்ற வகையில் ஒரு புதிய ஏலத்தோட்டம் புத்தொழிலைப் போன்றதே.

ஆனால் இங்கே வந்த பணம் வியாபாரியின் முன்பணம், நகைக்கடன், பயிர்க்கடன். முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே காயைப் போடவேண்டும் என்ற கட்டு அதோடு வரும். இதை வெறும் சுரண்டல் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. வங்கி மலையேறாத காலத்தில் பறிப்புக் கூலிக்குப் பணம் கொடுத்தவர் அந்த வியாபாரியே. ஆயினும் காய் பொய்த்தால் அவர் கணக்கு குறையாது.

அண்மைக் காலத்து நிகழ்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டும். 2018 ஆகஸ்டு பெருமழையில் இடுக்கித் தோட்டங்கள் சரிந்தன, அடுத்து வறட்சி. காய் குறைந்ததால் 2019 ஆகஸ்டில் ஏலத்தில் விலை கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை ஏறியது. தோட்டம் அழிந்தவருக்கு அந்த விலையால் பயனில்லை. விலையைப் பார்த்துக் கடன் வாங்கி நட்டவரின் கன்று காய்க்கத் தொடங்கிய 2022-இல், விலை 1,000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. பங்குப் பணமாக இருந்திருந்தால் அந்த விலைச் சரிவு இருவர் தலையில் விழுந்திருக்கும். கடனாக இருந்ததால் முழுவதும் நட்டவர் தலையிலேயே விழுந்தது.

அரசின் பணம்

தனியார் எவரும் தாங்காத இடரை இப்பகுதியில் ஒருமுறை அரசே தாங்கியிருக்கிறது. கட்டும்போதே வெள்ளம் அடித்துச் சென்றும் விடாமல் 1895-இல் முடிக்கப்பட்ட பெரியாறு அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் எழுந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் அதன் பயன்.

இன்று தமிழ்நாடு அரசின் ‘ஸ்டார்ட்அப் டிஎன்’ நிறுவனம் ‘டான்சீட்’ திட்டத்தில் தொடக்கநிலை நிறுவனங்களுக்கு 10 இலட்சம் ரூபாயும், பெண்கள் நடத்தும் நிறுவனம், ஊரகத் தொழில் போன்றவற்றுக்கு 15 இலட்சமும் வழங்கி, சிறு பங்கு மட்டும் பெறுகிறது. மதுரையில் அதன் வட்டார மையம் இருப்பதால் தேனிக்காரர் சென்னைக்கு அலையவேண்டியதில்லை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையிலோ, சின்னமனூர் வாழையிலோ புதுப்பொருள் செய்ய முனைபவருக்கு இது பொருந்தும்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கு நிலை வேறு. சட்டப்படி உற்பத்தியாளர்கள் மட்டுமே அதில் உறுப்பினர் ஆகலாம். வெளியார் பங்கு வாங்க முடியாது. ஆகவே துணிகர முதலீடு அதற்குள் நுழையாது. 2020-இல் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தில் உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் வீதம், கம்பெனிக்கு 15 இலட்சம் வரை இணைப் பங்கு மானியம் கிடைக்கிறது.

தனி ஏல விவசாயிக்கு இவற்றில் எதுவும் நேராகப் பொருந்தவில்லை. பங்கு விற்க முதலில் கம்பெனி வேண்டும். அவரிடம் இருப்பது குடும்ப நிலம். போடியிலும் கம்பத்திலும் வீடு வைத்திருக்கும் பலருக்கு அந்த நிலமும் மெட்டுக்கு அப்பால் கேரளத்தில் இருக்கிறது. காலையில் ஜீப்பில் போடிமெட்டோ கம்பமெட்டோ ஏறி, மாலையில் இறங்கும் அவருடைய பறிப்புக் கூலிக்கான பணம் பெரும்பாலும் இன்றும் முன்பணமாகவே வருகிறது.