மக்ஸன் முதல் மேகஸின் வரை

'மேகஸின்' என்னும் ஆங்கிலச் சொல் நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த ஒன்று. மாதந்தோறும் வரும் இதழை அப்பெயரால் அழைக்கின்றோம். ஆனால் படைவீரர் ஒருவரிடம் அச்சொல்லைக் கூறினால், துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கிச் செருகும் சிறு பெட்டியையே அவர் எண்ணுவார். போர்க்கப்பலில் பணிபுரிவோர்க்கு அது வெடிமருந்து அறை. படச்சுருளைக் கொண்டு ஒளிப்பதிவு செய்தவர்களுக்கு அச்சுருள் அடங்கிய பெட்டி. ஒன்றுக்கொன்று உறவில்லாதனபோல் தோன்றும் இப்பொருள்கள் அனைத்தும் ஒரே வேரினின்று கிளைத்தவை. அவ்வேர் அரபு மொழியில் இருக்கின்றது.

அரபியில் 'கஸன' என்றால் சேர்த்துக் காத்து வைத்தான் என்பது பொருள். அதன்முன் இடத்தைக் குறிக்கும் 'ம' சேர, 'மக்ஸன்' ஆகும். சேர்த்துக் காக்கும் இடம், அதாவது பண்டகசாலை என்பது கருத்து. ஸுஜூது செய்யும் இடம் மஸ்ஜித் என்றும், பாடம் பயிலும் இடம் மத்ரஸா என்றும், எழுதப் பழகும் இடம் மக்தப் என்றும் வழங்குவது இம்முறைப்படியே. மக்ஸனின் பன்மை 'மகாஸின்'. அரசாங்கப் பணம் வைக்கப்படும் இடத்தை நம் முன்னோர் 'கஜானா' என்றனர். அதுவும் இதே வேரின் மற்றொரு கிளைதான். பாரசீகமும் உருதுவும் கடந்து தமிழை வந்தடைந்தது.

மத்திய தரைக் கடலின் தென்கரைத் துறைமுகங்களுக்கு ஐரோப்பிய வணிகர் சரக்கு வாங்க வந்தபோது, சரக்கோடு சொல்லையும் ஏற்றிச் சென்றனர். 13ஆம் நூற்றாண்டில் மார்செய் நகரத்தார் எழுதிய இலத்தீன் ஆவணங்களிலேயே இச்சொல் இடம்பெற்றுவிட்டது. ஸ்பானியர் 'அல்' என்னும் அரபு முன்னொட்டையும் விடாது சேர்த்துப் பண்டகசாலையை 'அல்மசென்' என்று இன்றும் கூறுகின்றனர். இத்தாலியரிடம் அது கிடங்காகவே நின்றது. பிரெஞ்சுக்காரரும் ரஷ்யரும் கடையை இப்பெயரால் அழைக்கின்றனர். மொரோக்கோவிலோ 'மக்ஸன்' என்றால் அரசு என்றே பொருளாகிவிட்டது. வரிப்பணம் சேரும் கருவூலத்தின் பெயர், அதனை ஆள்வோரின் பெயராக வளர்ந்தது.

ஆங்கிலேயர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல்லைக் கைக்கொண்டனர். அவர்களிடமும் முதலில் அது பண்டகசாலையே. காலம் செல்லச் செல்ல, போர்க்கருவிகளும் வெடிமருந்தும் வைக்கும் கிடங்கையே சிறப்பாகக் குறிக்கலாயிற்று. 1857 மே 11ஆம் நாள், மீரட்டிலிருந்து எழுச்சியுடன் வந்த இந்தியச் சிப்பாய்கள் டில்லியின் ஆயுதக் கிடங்கைச் சூழ்ந்துகொண்டனர். அது அவர்கள் கைக்குப் போய்விடலாகாது என்று காவலிருந்த ஆங்கிலேயரே அதற்குத் தீயிட்டுத் தகர்த்தனர், பலர் மாண்டனர். காஷ்மீரி வாயிலுக்கு அருகே, சாலையின் நடுவே, அக்கிடங்கின் வாயில் இன்றும் நிற்கின்றது. தானியம் காக்கப் பிறந்த சொல், இந்நாட்டில் உயிர் குடிக்கும் மருந்தின் பெயராக வரலாற்றில் பதிந்தது. பின்னர் அதே நூற்றாண்டில், அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் வந்தபோது, கிடங்கின் பெயர் சுருங்கித் தோட்டாப் பெட்டியின் பெயருமாயிற்று.

ஆயினும் இச்சொல்லுக்கு வேறொரு வழியும் திறந்திருந்தது. அறிவுக் களஞ்சியம் என்னும் கருத்தில் சில நூல்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே இப்பெயரைத் தாங்கின. 1731இல் எட்வர்ட் கேவ் என்பார் இலண்டனில் 'ஜென்டில்மன்ஸ் மேகஸின்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். பல ஏடுகளில் சிதறிக் கிடந்த செய்திகளையும் கட்டுரைகளையும் ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே அவர் நோக்கம். ஆதலால் கிடங்கின் பெயரையே இட்டார். அவ்விதழில் எழுதிப் பிழைத்த சாமுவேல் ஜான்சன், 1755இல் தம் அகராதியை வெளியிட்டபோது, கிடங்கு என்னும் பழம்பொருளோடு இப்புதுப்பொருளையும் சேர்த்து, அது கேவின் இதழால் வந்தது என்பதையும் குறித்தார்.

1901இல் லாகூரில் ஷேக் அப்துல் காதிர் ஓர் உருது மாத இதழைத் தொடங்கியபோது, அதற்கு 'மக்ஸன்' என்றே பெயர் வைத்தார். மேற்கே சென்ற சொல், இதழ் என்னும் புதுப்பொருளையும் சுமந்துகொண்டு தன் பழைய உருவில் கீழ்த்திசைக்கு மீண்டது. இளைஞராயிருந்த இக்பாலின் 'ஹிமாலா' கவிதை அதன் முதல் இதழிலேயே வெளிவந்தது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது, 'ஆங்கிலேயருக்கு நாம் தந்த சொல்' என்று பெருமிதம் கொள்ளத் தோன்றும். அது இயல்பே. எனினும் பெயரைத் தந்ததனால் மட்டும் பெருமை வந்துவிடாது. பெயருக்குரிய பணியை நாம் செய்கின்றோமா என்பதே கேள்வி. நபி யூசுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றதைத் திருக்குர்ஆன் கூறுகின்றது. அவ்விடத்தில் 'கஸாயின்' என்று வருவது இவ்வேர்ச்சொல்லே. அப்பொறுப்புக்குத் தம் தகுதியாக அவர்கள் கூறியவை இரண்டு: காக்கும் பண்பு, அறிவு. செழிப்பான ஏழாண்டுகளில் கதிரோடு காக்கப்பட்ட தானியமன்றோ பஞ்சத்தில் மக்களுக்கு உணவாயிற்று!

நமக்கும் களஞ்சியங்கள் உண்டு. இலங்கையில் அறிஞர் சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிச் சமுதாயத்தின் கல்விக்காக வாதாடினார். அவருக்குப் பின் கடலின் இருகரையிலும் எத்தனையோ இதழ்கள் தோன்றின. அவற்றை நடத்தியோர் கைப்பொருளை இழந்தும் நடத்தினர். நம் பாட்டன்மார் வரைந்த கட்டுரைகளும், ஊர்ச் செய்திகளும், அந்நாளைய விவாதங்களும் அவ்விதழ்களிலேதான் இருக்கின்றன. அவற்றுள் கறையானுக்கு இரையானவை பல. வீடு மாறும்போது எடைக்குப் போடப்பட்டவை அதனினும் பல.

பரணில் பழைய இதழ்க் கட்டு ஒன்று இருப்பின், அதனைக் குப்பை என்று ஒதுக்குமுன் பிரித்துப் பாருங்கள். ஆண்டும் மாதமும் பார்த்து அடுக்கி வையுங்கள். இடமில்லையெனில் பேணத் தெரிந்த நூலகத்துக்கு அளியுங்கள். ஒவ்வோர் ஏட்டையும் படமெடுத்துக் காக்கும் வசதியும் இன்று எளிதாகியிருக்கின்றது. காத்தலும் அறிதலும் சேர்ந்த இல்லமே மக்ஸன் என்னும் பெயருக்கு உரியது.