வாழ்த்து அட்டையில் ஏறிய ஏழு குதிரைகள்

1843ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்து அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டையே விற்பனைக்கு வந்த முதல் வாழ்த்து அட்டையாகக் கருதப்படுகிறது. அதன் வழிவந்த ஆங்கிலேய அட்டைகளில் பனியில் விரையும் தபால் வண்டிக் குதிரைகளும் வேட்டைக் குதிரைகளும் வாடிக்கையாக இடம்பெற்றன. அட்டை அனுப்பும் வழக்கத்தைத் தமிழர் பொங்கலுக்கு உரியதாக்கிக்கொண்டபோதும் குதிரை மறையவில்லை. சாலையை விட்டு வானத்துக்கு ஏறியது.

குதிரை தமிழகத்தின் உழவு விலங்கு அன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டிய நாட்டில் அரபு நாட்டுக் குதிரைகள் பெருவிலைக்கு வாங்கப்பட்டதை மார்கோ போலோ எழுதியிருக்கிறார். அரிதாக வந்த அவ்விலங்கு அரசனுக்கும் தெய்வத்துக்கும் உரியதாகவே இங்கே மதிக்கப்பட்டது என்பதற்குத் தாராசுரத்தில் மண்டபத்தையே தேராக்கி இழுக்கும் கற்குதிரைகளும், திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளும் சான்று. ஆகவேதான் பொங்கல் அட்டையில் பானைக்கும் கரும்புக்கும் அருகே காளை நிற்க, குதிரைகள் அடிவானத்துக்கு மேலே சூரியனின் தேரில் பூட்டப்பட்டன.

இவ்வட்டைகளின் ஓவிய நடை, நாட்காட்டிகளுக்காக வரையப்பட்டமையால் 'காலண்டர் ஓவியம்' எனப் பெயர் பெற்றது. அதன் முன்னோடியான கொண்டையராஜு 1898இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டி, பின்னர் கோவில்பட்டியில் தங்கிச் சீடர் பலரை உருவாக்கினார். அவர்கள் தீட்டிய தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாடெங்கும் பரப்பின. மேடைத் திரைக்குரிய ஆழமும் ஒளிரும் வண்ணமும் உள்ளங்கை அளவு அட்டைக்கு வந்து சேர்ந்தது இவ்வழியாகத்தான்.

அவ்வளவு சிறிய பரப்பில் 28 கால்களை வரைந்தால் மை கலங்கிவிடும். எனவே ஏழு தலைகளை விசிறிபோல் விரித்து, உடல்களை ஒன்றன்பின் ஒன்றாக மறைத்து, குளம்புகளை மேகத்தில் புதைப்பது வழக்கம். தேருக்கு ஒற்றைச் சக்கரமே உண்டு. சாரதியான அருணன் தொடையின்றிப் பிறந்தவன் என்பது புராண மரபாதலால் இடுப்புக்கு மேல் மட்டுமே தெரிவான். மலிவு அச்சு என்று கலை விமரிசகர்கள் ஒதுக்கிய இப்படங்களில் சிற்ப நூல் மரபு இவ்வளவு பிசகாமல் நின்றது பாராட்டத்தக்கது.

மார்கழிக் கடைசியில் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் மாம்பலம் ரங்கநாதன் தெருவிலும் நடைபாதைக் கடைகளில் கயிற்றில் தொங்கிய இவ்வட்டைகளை, உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி, 'புக் போஸ்ட்' என்னும் குறைந்த கட்டணத்தில் அனுப்பினர். கைப்பேசி வந்தபின் அவ்வழக்கம் அற்றுப்போயிற்று. அலமாரியில் ஓர் அட்டை எஞ்சியிருந்தாலும் அதைக் கழித்துவிடாமல், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பிடங்களிடம் உரியவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். படத்தோடு பின்புறத்துக் கையெழுத்தும் அஞ்சல் முத்திரையும் காக்கப்பட வேண்டியவை.